சாம்பல் சந்தையின் ஜெர்மன் சொற்கள்: ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மன் ஒப்பந்தத்தில் 'கிராவ்மார்க்ட்' என்ற சொல்லைப் பார்த்ததும் புதிதாகப் பெயர்ப்பவரின் கை கள்ளச்சந்தைப் பக்கம் போகும். 'பிளாக் மார்க்கெட்' என்றோ கடத்தல் சரக்கு என்றோ எழுதிவிடுவார். இந்தத் துறையில் நடக்கும் பெரிய தவறு இதுதான். சாம்பல் சந்தையில் விற்பது அசல் சரக்கு. அதே ஆலையில் செய்தது, காசு கொடுத்து வாங்கியது. உற்பத்தியாளர் வகுத்த விநியோக வழியை விட்டு வேறு வழியாக வந்திருக்கிறது, அவ்வளவே. கள்ளச்சந்தைக்கு 'ஷ்வார்ட்ஸ்மார்க்ட்', போலிக்கு 'ஃபெல்ஷுங்' என்று ஜெர்மனில் தனித்தனிச் சொற்கள் உண்டு. மூலத்தில் அவை இல்லாதபோது நாமாகச் சேர்த்தால், ஒரு வியாபாரியை ஒரே சொல்லில் குற்றவாளி ஆக்கிவிடுகிறோம்.

சரி, 'கிரே' என்று போட்டால் தப்பித்தோமா? கார் விஷயத்தில் அதுவும் காலை வாரும். டென்மார்க்கில் மலிவாக வாங்கி ஜெர்மனிக்குக் கொண்டுவந்த புதுக் காரை ஜெர்மன்காரர் 'கிராவ்இம்போர்ட்' என்று சொல்லக்கூடும். பிரிட்டிஷ் கார்த் தொழிலிலோ 'கிரே இம்போர்ட்' என்றால் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து, பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வந்த, ஐரோப்பிய வகை ஒப்புதல் (அந்த மாடல் ஐரோப்பிய விதிகளுக்குப் பொருந்துகிறது என்ற சான்று) இல்லாத வண்டி. டென்மார்க் கார் அவர்களுக்குப் 'பேரலல் இம்போர்ட்'. படிப்பவர் பிரிட்டனில் இருக்கிறாரா அமெரிக்காவிலா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

'ரீஇம்போர்ட்' இன்னும் வழுக்கும். ஆங்கிலத்தில் இது வெளியே போய்த் திரும்பி வந்த பொருளைக் குறிக்கும். ஜெர்மன் விளம்பரங்களில் பிற ஐரோப்பிய ஒன்றிய நாட்டிலிருந்து வரும் எந்தக் காருக்கும் இந்தப் பெயர் ஒட்டிக்கொள்கிறது. செக் குடியரசின் ம்லாடா போலெஸ்லாவில் செய்து டேனிஷ் கடையில் விற்ற ஸ்கோடா, ஜெர்மன் மண்ணை மிதித்ததே இல்லை. அதை எப்படித் 'திரும்பி வந்தது' என்பது?

உண்மையான ரீஇம்போர்ட்டுக்கு உதாரணம் வேண்டுமென்றால் 1990களின் ஃபோக்ஸ்வாகன் கதை இருக்கிறது. இத்தாலிய லிராவின் மதிப்பு விழுந்ததும் ஜெர்மன், ஆஸ்திரிய வாடிக்கையாளர்கள் இத்தாலிக்குப் போய் வாங்கத் தொடங்கினார்கள். அவர்களுக்கு விற்காதபடி இத்தாலிய டீலர்களை நிறுவனம் நெருக்கியது என்று ஐரோப்பிய ஆணையம் 1998 ஜனவரியில் 102 மில்லியன் எக்யூ (யூரோவுக்கு முந்தைய ஐரோப்பிய நாணய அலகு) அபராதம் போட்டது. நீதிமன்றம் பின்னர் அதை 90 மில்லியன் யூரோவாகக் குறைத்தது. தண்டனை வாங்கியவர் எல்லை தாண்டி வாங்கியவர் அல்ல, தடுத்தவர். 'கிரே' என்பதில் குற்ற வாசனை ஏற்றிப் பெயர்ப்பவர் இந்தக் கதையைத் தலைகீழாகத்தான் சொல்வார்.

அகராதி கைவிடும் சொற்களில் எனக்குப் பிடித்தது 'ஷ்லைஷ்பெட்சுக்'. 'ஷ்லைஷன்' என்றால் பதுங்கி நகர்வது. மறுவிற்பனை செய்யப்போவதை மறைத்து, சாதாரண வாடிக்கையாளர் போல நடித்தோ வேறொருவரை முன்னிறுத்தியோ, அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் சரக்கு வாங்குவதற்கு இந்தப் பெயர். 'ஸ்டெல்த் பர்ச்சேஸ்' என்று எழுதினால் ஆங்கில வக்கீல் புருவத்தை உயர்த்துவார். மறுவிற்பனை நோக்கத்தை மறைத்து வாங்குதல் என்று ஒரு வாக்கியமாகவே விரித்து எழுதிவிடுங்கள். நீளம் பரவாயில்லை. 'ஃபெர்ட்ராக்ஸ்ஹெண்ட்லர்' கான்ட்ராக்ட் டீலர் அல்ல, 'ஆதரைஸ்டு டீலர்'. 'டாகெஸ்ட்சூலாசுங்' ஒருநாள் பெர்மிட் அல்ல. விற்பனைக் கணக்குக்காக டீலர் தன் பெயரில் பதிந்துவிட்டு ஓட்டாமலே வைத்திருக்கும் கார். பிரிட்டனில் அதை 'ப்ரீ-ரெஜிஸ்டர்டு' என்பார்கள்.

'எர்ஷப்ஃபுங்' (விற்றபின் வணிகச் சின்ன உரிமை தீர்ந்துபோவது) விஷயத்தில் தவறு எதிர்ப்பக்கமாக நடக்கிறது. களைப்பு என்று பொருள்படும் 'எக்ஸாஸ்ஷன்' வணிகச் சின்னத்துக்குப் பொருந்துமா என்று பயந்து, உரிமை காலாவதியானது என்று மாற்றிவிடுகிறார்கள். சட்ட ஆங்கிலத்திலும் 'எக்ஸாஸ்ஷன்'தான் சரி. சின்னம் சாகவில்லை, உரிமையாளர் விற்ற அந்தக் குறிப்பிட்ட பொருளின் அடுத்த விற்பனையை அவர் தடுக்க முடியாது, அவ்வளவுதான். இதுவும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்குள் (ஐரோப்பிய ஒன்றியமும் நார்வே, ஐஸ்லாந்து, லீக்டென்ஸ்டைனும்) அவர் விற்ற, அல்லது அவர் சம்மதத்தோடு விற்ற பொருளுக்கே. ஆஸ்திரியாவின் சில்லவெட் நிறுவனம் மவுசு போன 21,000 கண்ணாடிச் சட்டங்களை பல்கேரியாவில் விற்கச் சொல்லிக் கொடுத்தது. அவை ஆஸ்திரியக் கடைக்கே திரும்பி வந்தன. அப்போது பல்கேரியா அந்தப் பகுதிக்கு வெளியே. அங்கே விற்றதால் உரிமை தீர்ந்துவிடாது என்று 1998இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. இந்தப் பகுதியின் ஜெர்மன் சுருக்கம் 'ஏ.வே.எர்.' அப்படியே விட்டால் ஆங்கில வாசகருக்குப் புரியாது, 'ஈ.ஈ.ஏ.' ஆக்குங்கள். 'ட்ரிட்லாண்ட்' என்பது ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாத நாடு. ஒருவர் அதை 'தேர்டு வேர்ல்டு' என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன். குறிப்பிட்ட நாடு சுவிட்சர்லாந்து!

ஏற்றுமதி என்ற சொல்லிலும் ஒரு கண்ணி உண்டு. ஜெர்மன் வெளிநாட்டு வணிகச் சட்டத்தில் 'அவுஸ்ஃபூர்' என்றால் சரக்கு ஒன்றியத்தை விட்டு வெளியே போகிறது. இன்னொரு உறுப்பு நாட்டுக்குப் போனால் 'ஃபெர்பிரிங்குங்'. இரண்டையும் 'எக்ஸ்போர்ட்' ஆக்கினால் வரி, உரிமம் எல்லாம் குழம்பும். பழைய மொழிபெயர்ப்பு நினைவகத்தையும் (முன்பு பெயர்த்த வாக்கியங்களின் சேமிப்பு) கண்ணை மூடி நம்பாதீர்கள்: பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகியதால், லண்டனுக்குப் போகும் கார் 2021 ஜனவரி 1க்கு முன்பிருந்த வகையில் இப்போது இல்லை. சரக்கு இன்னொரு உறுப்பு நாட்டுக்குப் போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்யும் 'கெலாங்கன்ஸ்பெஷ்டெட்டிகுங்' படிவத்துக்கு ஜெர்மன் நிதி அமைச்சகமே 'என்ட்ரி சர்ட்டிஃபிகேட்' என்று ஆங்கிலப் பெயர் வைத்திருக்கிறது. புதுப் பெயர் சூட்ட வேண்டியதில்லை. 'ஃபோர்ஸ்டாயர்' வரிக்கு முந்தைய தொகை இல்லை, 'இன்புட் டாக்ஸ்': வியாபாரி தன் கொள்முதலில் கட்டிய விற்பனை வரி.

கடைசியாக எண்கள். விலைப்பட்டியலில் 1.250,00 என்று இருந்தால் அது ஆயிரத்து இருநூற்றைம்பது யூரோ, ஆங்கிலத்தில் 1,250.00. ஜெர்மன் 'மிலியார்ட' ஆங்கிலத்தில் 'பில்லியன்', ஜெர்மன் 'பிலியோன்' ஆங்கிலத்தில் 'ட்ரில்லியன்'. அனுப்புமுன் எண்களை மட்டும் தனியாக ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.