ஜிபியிடம் ஒரு பெயர், மருத்துவமனையில் வேறு பெயரா?

இங்கிலாந்து வந்து இறங்கியதும் பக்கத்து ஜிபியில், அதாவது குடும்ப மருத்துவரிடம், பதிந்துவிடுங்கள். காசு கிடையாது. முகவரிச் சான்று இல்லாமல் முடியாது என்று ரிசப்ஷனில் சொன்னால் நம்ப வேண்டாம், விதி அப்படி இல்லை. 10 இலக்க என்.எச்.எஸ் (அரசு மருத்துவச் சேவை) எண் வரும். இங்கிலாந்துக்குள் வீடு மாறினால் புது ஜிபியில் பதிந்தால் போதும், பழைய பதிவு கணினி வழியே பின்னாலேயே வந்துவிடும்.

வில்லங்கம் பெயரில்தான்.

ஊரில் ஃபைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போவோம். இங்கே ஜிபி பதிவின் சுருக்கம் மருத்துவமனைத் திரையில் தெரியும்: சாப்பிடும் மருந்துகள், அலர்ஜி, முன்பு ஒத்துக்கொள்ளாதவை. எண் கையில் இல்லையென்றால் பெயர், பிறந்த தேதி, போஸ்ட்கோடு வைத்துத் தேடுவார்கள். நமக்கோ இனிஷியல், அப்பா பெயர், கணவர் பெயர் என்று ஆவணத்துக்கு ஒன்று!

நண்பரின் மனைவி ஜிபியில் அப்பா பெயரைச் சர்நேமாகக் கொடுத்திருந்தார். கடும் காய்ச்சலோடு அவசரப் பிரிவுக்குப் போன இரவில், நண்பர் தன் பெயரைச் சேர்த்துப் பதிந்தார். போதாக்குறைக்கு ஜிபியில் இருந்தது பழைய முகவரி. தேடியதில் ஆள் சிக்கவில்லை என்று புது எண்ணோடு புதிதாக ஒரு பதிவைத் திறந்துவிட்டார்கள். அலர்ஜி உண்டா என்று கேட்டதற்கு அவர் அரை மயக்கத்தில் 'நோ' என்றிருக்கிறார். பெனிசிலின் ஆகாது என்பது ஜிபி பதிவில் பத்திரமாக இருந்தது. இந்தத் திரையில் காலி. அலர்ஜி இருந்தால் கையில் சிவப்புப் பட்டை கட்டுவார்கள், இவருக்கு வெள்ளை. ட்ரிப்ஸில் ஏற்ற வந்த மருந்து என்னவென்று நண்பர் கேட்டார். கோ-அமாக்ஸிக்ளாவ். நம் ஊர் ஆக்மென்டின்தான்! அவர் போட்ட சத்தத்தில் நின்றது. அதோடு விடவில்லை: டிஸ்சார்ஜ் கடிதம் ஜிபிக்குப் போய்ச் சேராமல் அலைந்தது, இரண்டு எண்களை ஒன்றாக்க மாதக்கணக்கில் நடையாய் நடந்தார்கள்.

ஆகவே, பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்து மாறாமல் எல்லா இடத்திலும் ஒரே பெயர். சர்நேம் கட்டம் வெறுமையாக இருந்தால், ஜிபி எப்படிப் பதிந்தார்களோ அதையே எங்கும் சொல்லுங்கள். முகவரி மாறினால் உடனே தெரிவியுங்கள். என்.எச்.எஸ் ஆப்பைத் திறந்து பெயரையும் அலர்ஜிப் பட்டியலையும் பாருங்கள். ஊர் டாக்டர் எழுதிய கடிதத்தை ஸ்கேன் செய்து கோப்பில் வைத்துவிட்டு, சேர்த்தாயிற்று என்பார்கள். அது சுருக்கத்தில் வராது. அலர்ஜியாகவே பதியச் சொல்லிக் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

ஸ்காட்லாந்துக்குப் போகிறவர்களுக்கு: அங்கே என்.எச்.எஸ் எண்ணுக்குப் பதில் சிஎச்ஐ எண், அமைப்பே வேறு. மருந்து, அலர்ஜி விவரங்களை அச்செடுத்துக் கையில் கொண்டுபோங்கள்.