ஒரு தீப்பந்தத்துக்கு ஆறு புளியங்கொட்டை

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதை ஆடும் ரோல்பிளேயிங் கேமில், ஒவ்வொரு சண்டை முடிந்ததும் "ஏலே, ஒரு தூக்கம் போட்டுட்டுப் போவோம்ல" என்று பார்ட்டி (பாத்திரங்களின் சாகசக் கூட்டம்) படுத்துவிடுகிறதா? குறை ஆடுகிறவர்களிடம் இல்லை. எட்டு மணி நேரம் தூங்கினால் அடிபட்டுக் குறைந்த உயிர்ப்புள்ளியும் செலவான மந்திரமும் திரும்பிவிடும், நஷ்டம் எதுவும் கிடையாது என்றால் யார்தான் தூங்கமாட்டார்கள்? நேரத்துக்கு விலை வைக்க வேண்டியது கதையை நடத்தும் கேம் மாஸ்டர். அந்த விலையைச் செலவழிக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

குகை, சுரங்கம், பாழ்கோட்டைக்குள் 10 நிமிடத்தை ஒரு சுற்றாக வையுங்கள். நாழிகை என்று வைக்க ஆசை வரும். அது 24 நிமிடம், ஒரு மணி நேரம் எரியும் தீப்பந்தம் இரண்டரை நாழிகை ஆகிக் கணக்கு உதைக்கும். இவ்வகை ஆட்டங்களில் பெயர்பெற்ற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு 1981-இல் வந்த பேசிக் விதிகளில் பந்தம் 6 சுற்று எரியும், ஒரு குப்பி எண்ணெயில் லாந்தர் 24 சுற்று எரியும். இன்றைக்கும் அது போதும்.

பந்தம் கொளுத்தியதும் மேஜை நடுவில் சுற்றுக்கு ஒன்றாக 6 புளியங்கொட்டை வையுங்கள். ஓர் அறையைத் தேட 1, பூட்டோடு மல்லுக்கட்ட 1, சண்டைக்குப் பின் காயம் கட்டிச் சாமான் பொறுக்க 1. கொட்டையை எடுத்துக் கிண்ணத்தில் போடுவது ஆடுகிறவர் கையாகவே இருக்கட்டும். நீங்கள் எடுத்தால் தண்டனை மாதிரி தெரியும். கிண்ணத்தில் இரண்டு விழும்போதெல்லாம் ஆறுமுகப் பகடையை உருட்டுங்கள். 1 விழுந்தால் ஏதோ ஒன்று வருகிறது. (இதற்கு என்கவுண்டர் என்று பெயர், நம்மூரில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம்.) ஒரு பந்தத்துக்கு மூன்று உருட்டல், ஒருமுறையாவது மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு சுமார் 42 சதவீதம். "சல்லடை போட்டுத் தேட மூணு கொட்டை ஆகும், சரியா?" என்று கேட்டுப் பாருங்கள், மேஜையில் பேச்சே மாறிவிடும்.

வெளியில் இந்தக் கணக்கு சரிவராது. அங்கே சங்க இலக்கணத்தின் ஆறு சிறுபொழுதுகள் அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தும்: காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை, ஒவ்வொன்றும் 4 மணி நேரம். நடைக்கு இரண்டு, தூக்கத்துக்கு இரண்டு போனால் மிச்சம் இரண்டு. அதில்தான் வேட்டை, சமையல், தடம் தேடுவது எல்லாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் சாதாரண நடை நாளுக்கு 24 மைல், அதாவது சுமார் 39 கி.மீ. பாபநாசத்திலிருந்து திருநெல்வேலி சுமார் 50 கி.மீ.; சேரன்மகாதேவியைத் தாண்டி எங்கேயாவது ஓர் இரவு தங்கியே ஆக வேண்டும். அதே பதிப்பின் 2014 விதிகளில் 24 மணி நேரத்தில் ஒரே ஒரு நீண்ட ஓய்வுதான் (அந்த எட்டு மணி நேரத் தூக்கம்) பலன் தரும். விடிந்து எழுந்தவர்கள் நண்பகலில் மறுபடி படுக்க முடியாது.

பந்தமும் நடையும் மட்டும் இருந்தால் தூக்கம் இன்னும் இலவசம்தான். அவர்கள் தூங்கும்போது உலகம் நகர வேண்டும். திருநெல்வேலியில் தாமிரபரணிக்குள் நிற்கும் குறுக்குத்துறை முருகன் கோயில் மாதிரி ஆற்றுக்குள் ஒரு பாழ்கோயில் இருக்கிறது, ஐப்பசி பிறந்துவிட்டது என்று வையுங்கள். எல்லோரும் பார்க்கும்படி 6 கட்டம் வரையுங்கள். இரவு ஒன்றுக்குக் கட்டம் ஒன்றை நிரப்புங்கள். தண்ணீர் கலங்குகிறது, கீழ்ப்படி முழுகுகிறது, பரிசல்காரர் வரமாட்டேன் என்கிறார். ஆறாவதில் கோயில் தண்ணீருக்குள். மேலே அணைக்கட்டில் மடை திறந்து தண்ணீரை வாய்க்காலுக்குத் திருப்பினால் ஒரு கட்டம் அழியும், ஆனால் போய்வர ஒரு நாள்.

சொதப்புவது பெரும்பாலும் இங்கேதான். கட்டத்தை மறைத்து வைத்தால் வெள்ளம் உங்கள் வன்மமாகத் தெரியும். 6 கட்டத்துக்கு 6 நாள் வேலை கொடுத்தால் தேர்வுக்கே இடமில்லை; 4 நாள் வேலை போதும். ஒரே சமயத்தில் இப்படி இரண்டு கட்ட வரிசைக்கு மேல் வேண்டாம், நீங்களே மறந்துபோவீர்கள். ஐந்தாம் பதிப்பில் செலவே இல்லாத ஒளி மந்திரம் ஒரு மணி நேரம் நிற்கும் என்பதால் பந்தத்தை நம்பாமல் பகடையையும் கட்டத்தையும் நம்புங்கள். மேஜையில் நடக்கும் வெட்டிப் பேச்சுக்குக் கொட்டை எடுக்கவே வேண்டாம்.

ஆறும் நிரம்பினால் இரக்கப்படாமல் முழுகவிடுங்கள். தை மாதம் தண்ணீர் வடிந்து திரும்பி வந்தால் கோயில் சேறு மூடிக் கிடக்கும், யாரோ ஏற்கெனவே தோண்டிப் போட்ட குழியோடு.