குளிர்காலத் துணிகளை எடுத்துவைப்பது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

ஜன்னலைத் திறந்தால் காற்று முகத்தில் அறையாமல் தடவிக்கொண்டு போகிற நாள் ஒன்று வரும். வடகோளத்தில் மார்ச்சை ஒட்டி, தென்கோளத்தில் செப்டம்பரை ஒட்டி. வாசலருகே கொக்கியில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கும் கோட்டுகளும், கூடையில் ஜோடி பிரிந்து கிடக்கும் கையுறைகளும் அன்றைக்குத்தான் கண்ணை உறுத்தும். எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் திணித்து மூடிவிடலாம் என்று கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள்.

நான் ஒரு வருடம் அப்படித்தான் செய்தேன். அம்மா பின்னிக் கொடுத்த சாம்பல் நிற ஸ்வெட்டரை, கடைசியாகப் போட்டுக் கழற்றியபடியே மடித்து உள்ளே வைத்துவிட்டேன். அடுத்த குளிருக்கு எடுத்து வெளிச்சத்தில் பிடித்தபோது ஏழு ஓட்டைகள். மடிப்புகளுக்கு நடுவே மணல்போலப் பொடி. முதுகிலும் கையிலும் ஒன்றுமில்லை. நெஞ்சுப் பக்கமும் கழுத்துப் பட்டையும்தான் போயிருந்தன. அதாவது, ஏதோ சிந்திய இடமும் வியர்வை படிந்த இடமும். அன்றிலிருந்து எனக்கு ஒரே விதி: துவைக்காத கம்பளி பெட்டிக்குள் போகக் கூடாது. கீழே சொல்லும் மற்றதெல்லாம் அந்த ஒன்றைச் சுற்றித்தான்.

காரணம் அந்துப்பூச்சி. பொன்னிறத்தில், அரை விரல்நகம்கூட இல்லாத சின்னப் பூச்சி. விளக்கைச் சுற்றிப் பறக்கிற வகை இல்லை. இருட்டைத் தேடி ஓடும். பறக்கிற பூச்சி துணியைத் தின்பதே இல்லை, அதற்குத் தின்னும் வாயே கிடையாது. அது இடும் முட்டையிலிருந்து வரும் புழுதான் தின்னும். கம்பளி, மென்மயிர், இறகு ஆகியவற்றில் இருக்கும் கெரட்டின் என்ற புரதம்தான் அதற்கு உணவு. நம் முடியும் நகமும் அதே பொருள்தான். சுத்தமான பருத்தியையும் செயற்கை இழையையும் அது பொதுவாகத் தொடாது. ஆனால் அழுக்கும் எண்ணெய்ப் பசையும் படிந்திருந்தால் அதையும் கடித்துப் பார்க்கும்.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள்

இளவேனில் தொடக்கத்தில் மதியம் கோட்டைக் கழற்ற வைக்கும் வெயில், மறுநாள் காலையில் மூச்சுவிட்டால் புகை. மேகமில்லாத இரவில் தரையின் சூடு வேகமாக மேலே போய்விடும். அதனால் வெயிலடித்த நாளுக்கு அடுத்த விடியற்காலைதான் சில சமயம் அதிகக் குளிராக இருக்கும். வீட்டில் உள்ள எல்லோரையும் கூப்பிட்டு, துணிகளைத் தரையில் கொட்டி, மூன்று குவியலாகப் பிரியுங்கள். மிகக் கனமானவை இப்போதே உள்ளே போகலாம். நடுத்தரமானவை இன்னும் ஒரு மாதம் அலமாரியிலேயே இருக்கட்டும். மூன்றாவது, தலைக்கு ஒரு செட்: ஒரு ஸ்வெட்டர், ஒரு குல்லா, ஒரு ஜோடி கையுறை. இந்தக் குவியலைக் கடைசிவரை தொடவே வேண்டாம்.

படி 2: பிள்ளைகளுக்குப் போட்டுப் பாருங்கள்

பலர் இதை அடுத்த குளிருக்குத் தள்ளிப்போடுவார்கள். இப்போதே செய்வதுதான் நல்லது. பள்ளி வயதுப் பிள்ளைகள் வருடத்துக்கு ஏறக்குறைய 5 முதல் 6 சென்டிமீட்டர் வளர்கிறார்கள். இன்று சரியாக இருக்கும் கோட்டு, அடுத்த குளிரில் மணிக்கட்டுக்கு மேலே நிற்கும். கோட்டைப் போட்டுக் கைகளை முன்னால் நீட்டச் சொல்லுங்கள். கோட்டுக் கையின் நுனி மணிக்கட்டு எலும்புவரை வந்தால் இது கடைசிக் குளிர். விரல்களின் அடிவரை மூடினால் இன்னொரு வருடம் தாங்கும். "அப்பா, இதுல என்னால கையத் தூக்கவே முடியலை" என்று என் மகள் சொன்ன கோட்டு, அவள் தம்பியின் குவியலுக்கு அப்படியே நகர்ந்தது. அவன் அதைப் போட்டுக்கொண்டு அன்று முழுக்கக் கழற்றவில்லை.

யாருக்கும் ஆகாதவற்றை இப்போதே, குளிர் முற்றிலும் போவதற்குள், வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். இன்னும் சில வாரம் அது ஒரு பிள்ளைக்கு உதவும்.

படி 3: பைகளைத் துழாவி, தூசியைத் தட்டுங்கள்

இதைச் சின்னப் பிள்ளைகளிடம் விடலாம். புதையல் வேட்டை மாதிரி செய்வார்கள். கசங்கிய காகிதக் கைக்குட்டை ஒன்று உள்ளே இருந்துவிட்டால், துவைத்தபின் துணி முழுக்க வெள்ளைத் துணுக்கு ஒட்டிக்கொள்ளும். எல்லா ஜிப்பையும் மூடுங்கள். திறந்த ஜிப்பின் பல் பக்கத்துத் துணியைக் கிழித்துவிடும்.

அப்புறம் கோட்டுகளை வெளியில் கொண்டுபோய், துணி பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தேயுங்கள். காலரைத் தூக்கி அடிப்பக்கம், தையல் மடிப்பு, பையின் மூடி: அந்து முட்டையிடுவது இப்படி இருட்டான இடங்களில்தான். முட்டை கண்ணுக்குத் தெரிவதே அரிது, அவ்வளவு சின்னது. பிரஷ் பட்டால் உதிர்ந்துவிடும்.

படி 4: துவைப்பது

இங்கேதான் நிதானம் வேண்டும். முதலில் துணியின் உள்பக்கச் சீட்டைப் பாருங்கள். தொட்டியும் அதில் ஒரு கையும் வரைந்திருந்தால் கையால் துவைக்க வேண்டும். தொட்டியின் மேல் பெருக்கல் குறி இருந்தால் தண்ணீரில் போடக் கூடாது. தொட்டிக்குக் கீழே ஒரு கோடு இருந்தால் மெஷினில் மெதுவான சுற்று, இரண்டு கோடு என்றால் அதைவிட மெதுவாக. வெறும் வட்டம் மட்டும் இருந்தால் அது சலவை நிலையத்தில் உலர்சலவைக்குக் கொடுக்க வேண்டியது.

கம்பளி ஏன் சுருங்குகிறது என்று தெரிந்துகொண்டால் தப்பு நடக்காது. கம்பளி இழையின் மேல் மீன் செதில்போல நுண்ணிய செதில்கள் அடுக்கடுக்காக உண்டு. சூடான தண்ணீரும் சோப்பும் சேர்ந்து அவற்றை விரியவைக்கும். அந்த நிலையில் கசக்கினால், ஓர் இழையின் செதில் இன்னொன்றின் செதிலில் மாட்டிக்கொண்டு விடவே விடாது. ஸ்வெட்டர் பொம்மைச் சட்டை ஆகிவிடும், திரும்ப நீளாது. ஆகவே கம்பளிக்குச் சூடும் கசக்கலும் ஆகாது.

ஒரு அகலமான பேசினில் 30 டிகிரிக்கு மேல் போகாத தண்ணீரை எடுங்கள். முழங்கையை விட்டுப் பார்த்தால் சூடாகவும் தெரியக் கூடாது, சில்லென்றும் இருக்கக் கூடாது. கம்பளிக்கென்று விற்கும் சலவைத் திரவத்தைக் கலந்து, துணியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி முக்குங்கள். வழக்கமான சோப்புத்தூள் பலவற்றில் புரதக் கறையைக் கரைக்கும் என்சைம் இருக்கும். கம்பளியே புரதம் என்பதால் அது கறையோடு இழையையும் அரிக்கும். துணியை மென்மையாக்கும் திரவமும் வேண்டாம்.

பத்து நிமிடம் ஊறட்டும். உள்ளங்கையால் அமுக்கி விடுங்கள், அமுக்கி விடுங்கள், அவ்வளவுதான். தேய்க்காதீர்கள். கழுத்துப் பட்டைக்கும் அக்குளுக்கும் மட்டும் இரண்டு சொட்டுத் திரவத்தை நேராக விட்டு விரல் நுனியால் ஒற்றுங்கள். பிறகு அதே வெதுவெதுப்பில் இருக்கும் தண்ணீரில், நுரை வராதவரை அலசுங்கள்.

இப்போது துணியைத் தூக்கும்போது ஒரு பக்கத்தைப் பிடித்து இழுக்காதீர்கள். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள்ளேயே இழுத்து வைத்துக்கொள்ளும். இடையிலே தேங்கும் தண்ணீர் அது போக. அந்தக் கனத்திலேயே துணி நீண்டு தொங்கிவிடும். தூங்கும் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையையும் அடியில் கொடுத்து எடுங்கள். முறுக்கிப் பிழியவும் கூடாது. பெரிய காய்ந்த துண்டின் மேல் விரித்து, துண்டோடு சேர்த்துப் பாய்போலச் சுருட்டி, சுருளின் மேல் முழங்காலை ஊன்றி நுனியிலிருந்து நுனிவரை நகருங்கள். பிரித்தால் துண்டு கனத்துக் கிடக்கும், ஸ்வெட்டர் ஈரப்பதமாக மட்டும் இருக்கும். எங்கள் வீட்டில் இந்தச் சுருளின் மேல் ஏறி மிதிக்கும் உரிமைக்குச் சண்டையே நடக்கும்.

படி 5: காயவைப்பது

காய்ந்த இன்னொரு துண்டின் மேல் படுக்கை வாக்கில் விரியுங்கள். ஈரமாக இருக்கும்போதே கைகளையும் அடிப்பட்டையையும் பழைய அளவுக்கு இழுத்துத் தட்டிச் சரிசெய்துவிடுங்கள். காய்ந்தபின் அது நடக்காது. கொடியில் தொங்கவிட்டால் தோளில் கொம்பு முளைத்ததுபோல ஆகும். ஹீட்டர் பக்கத்திலும் கடும் வெயிலிலும் வைக்காதீர்கள். இளவேனில் காற்றே போதும். ஜன்னலுக்கு எதிரே வைத்தால் ஒன்றிரண்டு நாளில் காயும். தொட்டுப் பார்த்தால் காய்ந்ததுபோலத் தெரிந்த பிறகும் ஒரு நாள் கூடுதலாக விடுங்கள். தையல் மடிப்பில் மிச்சமிருக்கும் ஈரம்தான் பெட்டிக்குள் பூஞ்சையாக மாறும்.

படி 6: இறகு ஜாக்கெட்டும் பூட்ஸும்

இறகு அடைத்த ஜாக்கெட் ஈரமானதும் உள்ளே உருண்டை உருண்டையாகத் திரண்டுகொள்ளும். டிரையரில் குறைந்த சூட்டில், இரண்டு மூன்று டென்னிஸ் பந்துகளையும் சேர்த்துப் போட்டுச் சுற்றினால் பந்துகள் இடித்து உருண்டைகளை உடைக்கும். முழுக்கக் காயப் பல சுற்று ஆகும். டிரையர் இல்லாவிட்டால் படுக்கப் போட்டு, சில மணிக்கு ஒருமுறை கையால் உதறிப் பிரித்துவிடுங்கள்.

தோல் பூட்ஸில் வெள்ளை வெள்ளையாக ஓரம் கட்டியிருந்தால் அது சாலைப் பனியை உருக்கப் போட்ட உப்பு. வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து, துணியில் நனைத்துத் துடைத்து, பிறகு வெறும் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் போய்விடும். உள்ளே காகிதத்தைத் திணித்து நிழலில் காயவிட்டு, தோலுக்கான பாலிஷ் பூசி வையுங்கள்.

படி 7: பெட்டியில் வைப்பது

அந்துருண்டை போடலாமா என்று பலர் கேட்பார்கள். வேண்டாம் என்பதுதான் என் பதில். நாப்தலீன் உருண்டை மெல்ல ஆவியாகி நச்சுப் புகையாகத்தான் பூச்சியைக் கொல்கிறது; அதே புகையைத்தான் வீட்டில் இருப்பவர்களும் சுவாசிக்கிறார்கள். ஜி6பிடி என்ற என்சைம் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களையே சிதைத்துவிடும். வெள்ளை வெளேரென்று இருப்பதால் மிட்டாய் என்று எடுத்து வாயில் போடும் ஆபத்தும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2008-லேயே நாப்தலீன் அந்துருண்டைக்குத் தடை போட்டுவிட்டது. லாவெண்டர் பையும் தேவதாரு மரத்துண்டும் நல்ல மணம் தரும், வைக்கலாம். ஆனால் ஏற்கெனவே இருக்கும் முட்டையை அவை கொல்லாது.

துவைக்க முடியாத துணியில் அந்து இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் ஃப்ரீசர் கைகொடுக்கும். பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றை அமுக்கி வெளியேற்றிக் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விடுங்கள். இல்லாவிட்டால் குளிர்ந்த துணியின் மேல் காற்றின் ஈரம் படிந்து நனைந்துவிடும்.

பெட்டிக்கு மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். பரணில் வைப்பதைவிடக் கட்டிலுக்கு அடியிலோ அலமாரியிலோ வைப்பது நல்லது. சூடும் ஈரமும் அங்கே அவ்வளவு மாறாது. கனமானதை அடியில் வைத்து, ஸ்வெட்டர்களை மடிக்காமல் தளர்வாகச் சுருட்டி வைத்தால் மடிப்புத் தடம் விழாது. காற்றை உறிஞ்சி எடுக்கும் பைகள் பருத்திப் போர்வைக்குச் சரி. இறகு ஜாக்கெட்டை அப்படி நசுக்கி மாதக்கணக்கில் வைத்தால் பழைய உப்பல் திரும்பாது. காலியான அலமாரியின் மூலைகளையும் தரை விரிப்பின் ஓரத்தையும் வேக்குவம் கிளீனரால் ஒருமுறை உறிஞ்சிவிடுங்கள். உதிர்ந்த முடியும் தூசியும் அங்கே இருந்தால் அந்து அதிலேயே குடும்பம் நடத்தும்.

படி 8: மூடிமேல் சீட்டு

உள்ளே என்ன இருக்கிறது, யாருடையது, எந்த வயதுக்கு ஆகும், என்ன குறை என்று எழுதி ஒட்டுங்கள். "தம்பி கோட்டு, ஒரு பொத்தான் வேண்டும்." "அக்கா பூட்ஸ், அடுத்த வருடம் பெரிய அளவு." எழுதத் தெரியாத பிள்ளை படம் வரையட்டும். எங்கள் பெட்டி ஒன்றில் கால் முளைத்த குல்லாவின் படம் ஒட்டியிருக்கிறது. எந்தப் பெட்டி என்று யாரும் தேடியதே இல்லை.

ஜோடி கிடைக்காத ஒற்றைக் கையுறைகளை இப்போதே எறிந்துவிடாதீர்கள். ஒரு துணிப்பையில் போட்டு, அந்த ஒரு மாதக் குவியலோடு வெளியே வைத்திருங்கள். கடைசிக் கோட்டைத் துவைக்க எடுக்கும்போது கையின் உள்ளே, முழங்கைப் பக்கம் துழாவிப் பாருங்கள். எங்களுக்குப் போன வருடம் இரண்டு அங்கிருந்துதான் வந்தன.