பொங்கல் விழாவில் ஒரு வாக்காளர் மேசை

மும்பையில் தாராவியிலோ மாட்டுங்காவிலோ பொங்கல் விழா நடத்துகிறீர்களா? கோலப்போட்டிக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, இரண்டு இளைஞர்களை போனோடு உட்கார வையுங்கள். வருகிறவர்களின் வாக்காளர் அட்டை எண்ணை வைத்து, பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று தேடிக் கொடுக்கட்டும். மாநகராட்சித் தேர்தலுக்கும் சட்டமன்றத் தொகுதிப் பட்டியல்தான் அடிப்படை.

புதிதாகச் சேர படிவம் 6. 17 வயது முடிந்தாலே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம்.

நம்மவர்கள் பலருக்குப் பெயர் இன்னும் திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊரிலேயே இருக்கும். இரண்டு இடத்தில் பெயர் இருப்பது சட்டப்படி கூடாது. அதனால் புதிதாகச் சேர்க்காமல், படிவம் 8 கொடுத்து இங்கே மாற்றச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு இதைப் பொறுமையாக விளக்க வேண்டும்.

அப்புறம், மேசையில் கட்சிக்கொடி, சின்னம் எதுவும் வேண்டவே வேண்டாம். சந்தேகம் வந்தால் 1950 என்ற வாக்காளர் உதவி எண்ணுக்கு அழையுங்கள்.