சான்றிதழ் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்

அரசுப் பள்ளி ஆசிரியர் அறையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "நல்லாப் பேசுறான் சார், எழுதச் சொன்னாத்தான் ஏமாத்துறான்." டிஸ்லெக்சியா, அதாவது படிப்பதும் எழுதுவதும் சிரமமாக இருக்கும் கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைக்குப் பெரும்பாலும் இந்தப் பட்டம்தான் கிடைக்கிறது. கதை கேட்டால் அழகாகத் திருப்பிச் சொல்லும், மனக்கணக்கும் போடும். நோட்டில் நாலு வரி எழுதுவதற்குள் பாடவேளை முடிந்துவிடும். இதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்வதில்தான் எல்லாத் தவறும் தொடங்குகிறது.

அடுத்து வருவது இம்போசிஷன். தப்பாக எழுதிய சொல்லைப் பத்து முறை எழுது என்றால், இந்தப் பிள்ளை அந்தத் தப்பையே பத்து முறை எழுதிக்கொண்டு வரும். எங்கே சிக்குகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். 'கொடி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வாயில் முதலில் வருவது க் என்ற ஒலி. கை முதலில் போட வேண்டியதோ ஒற்றைக்கொம்பு. அப்புறம் க, அப்புறம் துணைக்கால். ஒ என்ற ஓர் ஒலிக்கு எழுத்தின் இரண்டு பக்கமும் குறி. நமக்குப் பழகிவிட்டதால் இது தெரிவதில்லை. இதோடு ல, ள, ழ மூன்றையும் ஒரே மாதிரி உச்சரிக்கும் ஊராக இருந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று சொல் போதும்: ஒலியைப் பிரித்துச் சொல்லி, குறியைத் தனியாகக் காட்டி, மணலில் விரலால் எழுதவிடுங்கள். அறிவியல், சமூக அறிவியல் பாடங்களில் வகுப்புத் தேர்வு என்றால் பதிலை வாய்மொழியாகவே கேட்டுக்கொள்ளலாம்.

2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் சிறு வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் "அவன் அரும்பு" என்று நிலையையே பிள்ளைக்குப் பெயராக்கிவிடக் கூடாது. 'மெல்லக் கற்போர்' பட்டியலுக்கும் இதே கதைதான்.

ஏடிஹெச்டி, அதாவது கவனத்தை நிறுத்துவதிலோ ஓரிடத்தில் அமைதியாக இருப்பதிலோ சிரமம் உள்ள பிள்ளை துறுதுறுவென்று இருந்தால் விளையாட்டுப் பீரியடை ரத்து செய்வோம். உடம்பு அசைந்தால்தான் அடுத்த பாடவேளையில் அந்தப் பிள்ளையால் உட்கார முடியும். நாம் பிடுங்குவது அதைத்தான். சாக்பீஸ் எடுத்துவர அனுப்புங்கள், ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். சேட்டையே செய்யாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்பிள்ளைக்கும் இதே சிக்கல் இருக்கலாம். அவளால் தொந்தரவு இல்லை என்பதால் யாரும் கவனிப்பதில்லை.

ஆட்டிசம், அதாவது பிறரோடு பழகுவதிலும் பேசுவதிலும் வேறுபாடு உள்ள பிள்ளையிடம் "கண்ணைப் பார்த்துப் பேசு" என்று வற்புறுத்த வேண்டாம். கண்ணைப் பார்க்காமல்தான் சிலரால் கேட்கவே முடியும். பிரேயர் மைக், மணிச் சத்தம், சத்துணவு நேரத்துத் தட்டுச் சத்தம் எல்லாம் அவர்களுக்குத் தாங்க முடியாதவையாக இருக்கலாம். சத்துணவு வரிசையில் முதலாவதாக விட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். கால அட்டவணை மாறினால் காலையிலேயே சொல்லிவிடுங்கள்.

நல்ல மனதோடு செய்யும் தவறும் ஒன்று உண்டு. பிள்ளையை எழுப்பி நிறுத்தி, "இவனுக்கு ஒரு குறை இருக்கு, யாரும் கிண்டல் பண்ணக் கூடாது" என்பது. கிண்டல் அன்றைக்குத்தான் ஆரம்பிக்கும்! ஒவ்வொருவர் மூளையும் ஒவ்வொரு விதமாகக் கற்கிறது என்பதைப் பெயர் சொல்லாமல் பேசுங்கள். வாய்மொழிப் பதில் போன்ற வசதியை விரும்பும் எல்லோருக்கும் கொடுத்தால் யாரும் தனியாகத் தெரிய மாட்டார்கள்.

கடைசியாக, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வந்தால் பார்ப்போம் என்ற பதில். 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகளே இருந்தன. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கி, ஆட்டிசத்தையும் டிஸ்லெக்சியா போன்ற குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. ஏடிஹெச்டி அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. அட்டைக்குக் காத்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு ஒன்றுமே கிடைக்காமல் போகலாம். மேலே சொன்ன எதற்கும் அட்டை தேவையில்லை.

பொதுத்தேர்வு வேறு விஷயம். கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு எல்லாவற்றுக்கும் மருத்துவச் சான்று வேண்டும். பத்தாம் வகுப்பில் ஓடத் தொடங்கினால் நேரம் போதாது. வட்டார வள மையத்திலிருந்து இந்தப் பிள்ளைகளுக்காக வரும் சிறப்பாசிரியர் எந்த நாளில் பள்ளிக்கு வருவார் என்று தலைமையாசிரியரிடம் கேட்டுவிட்டு, பிள்ளையின் பழைய நோட்டுகளோடு போய்ப் பாருங்கள். ஆறாம் வகுப்பிலேயே போனால் நல்லது.