குறைந்த சம்பளத்தில் பழைய சாமான் வாங்கிக் குடித்தனம் நடத்துவது எப்படி?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊரில் புதுக்குடித்தனம் தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறைந்தபட்சச் சம்பளம் இப்போது 1,700 வெள்ளி (ரிங்கிட்). வாடகை, மோட்டார் சைக்கிள் தவணை, பால்மாவு எல்லாம் போக மிஞ்சுவதில் புது பிரிட்ஜ், புது வாஷிங் மெஷின் என்று ஆசைப்பட்டால் தவணைக் கடைதான் கதி. மாதம் கட்டுவது சின்னத் தொகையாகத்தான் தெரியும். கையெழுத்துப் போடுவதற்கு முன் மொத்தத்தையும் கூட்டிப் பாருங்கள், பிறகு பழைய சாமான் பக்கம் தானாக வருவீர்கள்.

படி 1: அளந்து எழுதுங்கள்

என்ன வேண்டும் என்பதை முதலில் எழுதி வையுங்கள். பிரிட்ஜ், அலமாரி, கட்டில் என்று எழுதினால் போதாது. வைக்கப்போகும் இடத்தின் அகலம், உயரம், முக்கியமாக வாசற்கதவின் அகலம் எல்லாம் வேண்டும். லயத்து வீட்டுக் கதவுக்குள் நுழையாத அலமாரி எவ்வளவு மலிவாக இருந்து என்ன பயன்? பட்டியலில் இல்லாததை அன்றைக்கே வாங்குவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய துணி விற்கும் பண்டல் கடையில் காசு கரைவது தேவையான சாமானில் இல்லை, 'ரெண்டு வெள்ளிதானே' என்று எடுக்கும் சாமானில்.

படி 2: எங்கே தேடுவது

துணிக்குப் பண்டல் கடை. சில்லறைச் சாமானுக்கு, காலையில் எழுந்து போக முடிந்தால், ஈப்போவில் ஞாயிறு கூடும் பசார் காராட் என்ற பழைய சாமான் சந்தை. பெரிய சாமானுக்கு இணையத்தில் மூடா, பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ். ஆனால் என்னைக் கேட்டால், வீடு மாறிப் போகிறவர்களிடம் வாங்குவதுதான் முதல் தரம். மாற்றலாகிப் போகும் ஆசிரியர், தோட்டத்தை விட்டு மகன் வீட்டுக்குப் போகும் கிராணி (தோட்ட எழுத்தர்) குடும்பம்: இவர்களுக்கு விலையைவிட, மாதக் கடைசிக்குள் வீடு காலியாவதுதான் முக்கியம். கோயிலிலும் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவிலும் 'எனக்குப் பிரிட்ஜ் தேவை' என்று சொல்லி வையுங்கள். தீபாவளிக்கு முந்தின மாதம் இன்னும் நல்லது; புது சோபா வருகிற வீட்டில் பழையது வெளியே வந்துதானே ஆகவேண்டும்?

படி 3: மின்சாமானை ஓடவிட்டுப் பாருங்கள்

பிரிட்ஜ் பார்க்கப் போவதற்கு முந்தின நாளே, "அண்ணே, நான் வரும்வரை ஓடவிட்டு வையுங்க" என்று சொல்லிவிடுங்கள். போனதும் ஐஸ் பெட்டியைத் திறங்கள். சற்று முன்தான் சுவிட்சைத் தட்டியிருந்தால் உள்ளே ஐஸ் இருக்காது, அவரிடம் காரணம் மட்டும் நிறைய இருக்கும்.

அப்புறம் கதவு ரப்பர். ஒரு நோட்டைக் கதவிடுக்கில் பாதி வைத்து மூடி, மெதுவாக இழுங்கள். 1 வெள்ளியும் 5 வெள்ளியும் பிளாஸ்டிக் நோட்டு, நல்ல ரப்பரிலும் வழுக்கிக்கொண்டு வரும். 10 வெள்ளித் தாளை வையுங்கள். இறுக்கிப் பிடித்தால் சரி. சும்மா வந்துவிட்டால் குளிர் அந்த வழியாக வெளியேறுகிறது, கரண்ட் பில் ஏறும். கதவின் நாலு பக்கமும் இப்படிப் பாருங்கள். இன்வெர்ட்டர் இல்லாத பழைய மாடல் என்றால் கம்ப்ரசர் கொஞ்ச நேரம் ஓடி, நின்று, மறுபடி ஓட வேண்டும். நிற்காமல் கத்திக்கொண்டே இருந்தால் விலை பேசாமல் வந்துவிடுங்கள்.

லோரியில் நிமிர்த்தியே ஏற்றுங்கள். படுக்கவைத்தால் கம்ப்ரசர் எண்ணெய் குழாய்க்குள் போய்விடும். வேறு வழியில்லாமல் அப்படிக் கொண்டுவந்தால், இரவு முழுக்க நிமிர்த்தி வைத்து மறுநாள் சுவிட்சைப் போடுங்கள்.

வாஷிங் மெஷினில் தண்ணீர் ஊற்றி, துணி பிழியும் சுற்றுவரை விடவேண்டும். பேரிங் போயிருந்தால் அப்போதுதான் கடகடக்கும்.

ஜப்பானிலிருந்து வரும் பழைய சாமானை விற்கும் கடைகளில் ரைஸ் குக்கர் பளபளவென்று இருக்கும். தூக்கி, அடியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரைப் படியுங்கள். அந்த ஊர் மின்சாரம் 100 வோல்ட், நம் வீட்டுச் சுவரில் வருவது 230, 240. அப்படியே செருகினால் சோறு வராது, புகைதான் வரும். நம் ஊரில் விற்க அனுமதி பெற்ற மின்சாமானில் சிரிம் (தரச் சோதனை நிறுவனம்) முத்திரை இருக்கும், அதைத் தேடுங்கள்.

படி 4: துணியும் மரமும்

பண்டல் துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அக்குள், காலர், ஜிப், கால் சந்துத் தையல் இவை நான்கும் நன்றாக இருந்தால் மற்றதைச் சமாளிக்கலாம். விடியற்காலையில் மோட்டாரில் வேலைக்குப் போகிறவருக்கு ஜாக்கெட் வாங்க இதைவிட நல்ல இடம் இல்லை. கொதிக்கும் நீரைத் தாங்கும் துணியை அதில் ஊறவைத்துத் துவையுங்கள். "யாரோ உடுத்தின துணியா?" என்று வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். கொஞ்சம் சாம்பிராணி காட்டிவிட்டால் பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள்.

மேசை நாற்காலியில் நிறைய ரப்பர் மரம்தான். சுமார் 25 ஆண்டில் பால் குறைந்ததும் வெட்டிப் பலகையாக்கிவிடுகிறார்கள். தாத்தா பால் சீவிய மரத்தில் பேரன் உட்கார்ந்து சாப்பிடுகிறான். அந்த மரத்தில் பூச்சி எளிதில் விழும். கவிழ்த்துப் பாருங்கள். ஊசித்துளையும் கீழே மாவு மாதிரி தூளும் இருந்தால் உளுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

மெத்தை, ஹெல்மெட், கேஸ் ரெகுலேட்டர், கேஸ் குழாய் நான்கையும் புதிதாகவே வாங்குங்கள். அடுப்பை மட்டும் பழையதாக வாங்கலாம்.

படி 5: விலை பேசுவது

குறையைக் கையால் காட்டிப் பேசுங்கள், பொதுவாக 'பழசு' என்று சொன்னால் யாரும் இறங்கமாட்டார்கள். "போஸ், ரப்பர் போயிருக்கு, மாத்தணும், போலே கூராங் (குறைக்க முடியுமா)?" என்றால் அவர் கணக்குப் போடுவார். நீங்களும் போடுங்கள்: 250 வெள்ளி பிரிட்ஜ், லோரிக்கு 60, ரப்பருக்கு 50 என்றால் அது 360 வெள்ளி பிரிட்ஜ். அந்த விலைக்கு அது தகுமா என்றுதான் பார்க்க வேண்டும்.

படி 6: பணம் கொடுப்பது

"நாலு பேர் கேட்கிறாங்க, டெபாசிட் போடுங்க" என்று இணையத்தில் அவசரப்படுத்தினால் விட்டுவிடுங்கள். சாமானைக் கண்ணால் பார்த்த பிறகே பணம். போலீசாரின் செமாக் மியூல் இணையப் பக்கத்தில் வங்கிக் கணக்கு எண்ணையும் போன் எண்ணையும் தட்டி, புகார் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஏமாந்துவிட்டால் உடனே உங்கள் வங்கிக்கோ மோசடிப் புகார் எண்ணான 997க்கோ அழையுங்கள், தாமதித்தால் பணம் கைமாறிப் போய்விடும்.

பழைய மோட்டார் என்றால் இன்னும் கவனம். கிராண்டில் (வண்டிப் பதிவுச் சான்றிதழில்) உள்ள எஞ்சின் எண், சேசிஸ் எண் இரண்டையும் வண்டியோடு ஒப்பிட்டு, சம்மன் அபராதப் பாக்கி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறையில்) பெயர் மாறும்வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.