மீடியம் போர் வேட்டை ரைஃபிளுக்கு வீட்டிலேயே தோட்டா நிரப்புவது எப்படி: புதியவர்களுக்கான செய்முறை

9.3×62, .35 வீலன், .338 வின்செஸ்டர் மேக்னம், .375 எச் அண்ட் எச் மாதிரி மீடியம் போர் (நடுத்தரக் குழல் விட்டம்) அளவுகளில் ரைஃபிள் வைத்திருப்பவர்களில் பலர் ஏதோ ஒரு கட்டத்தில் ரீலோடிங் (சுட்ட கூட்டில் மறுபடி தோட்டா நிரப்புவது) பக்கம் வந்துவிடுவார்கள். கடைத் தோட்டா விலை ஏறிக்கொண்டே போகும், வேண்டிய நேரத்தில் கிடைக்காது, கிடைத்தாலும் நமக்கு வேண்டிய குண்டு (தோட்டாவின் நுனியில் இருந்து பறந்துபோகும் பகுதி) அதில் இருக்காது. ஆனால் வந்தவுடன் பலரும் பிடித்துக்கொள்வது இலக்குப் போட்டிக்காரர்களின் வழியை. பவுடரை (வெடிமருந்தை) துளித்துளியாக மாற்றி, ஐந்து ஓட்டையும் ஒரே ஓட்டையாக விழ வைப்பதுதான் குறி என்று நினைத்துக்கொள்கிறார்கள். வேட்டைத் தோட்டாவுக்கு வேலை வேறு. மழையில், குளிரில், அவசரத்தில் போல்ட்டை (பின்பக்கத்தை அடைக்கும் தண்டை) தள்ளினால் தடையில்லாமல் சேம்பருக்குள் (குழலின் பின்பக்கத்தில் தோட்டா உட்காரும் அறைக்குள்) போக வேண்டும், வெடிக்க வேண்டும், காலிக் கூடு (தோட்டாவின் பித்தளை உறை) சுலபமாக வெளியே வர வேண்டும். துல்லியம் அதற்கு அப்புறம்தான். அதனால் இந்தச் செய்முறையில் பவுடரைவிடக் கூட்டைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

ஒரு விஷயம் முன்கூட்டியே. பவுடரும் பிரைமரும் (கூட்டின் அடியில் இருந்து பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி) வாங்க, வைத்திருக்க, தோட்டா நிரப்ப என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உரிமம் கேட்கும் நாடுகள் உண்டு, துப்பாக்கி உரிமம் இருந்தாலே போதும் என்கிற நாடுகளும் உண்டு. உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்று எழுத்தில் பார்த்துவிட்டு அப்புறம் பிரஸ் (கூட்டை அழுத்தி வேலை செய்யும் நெம்புகோல் கருவி) வாங்குங்கள்.

உதாரணத்துக்கு 9.3×62-ஐ எடுத்துக்கொள்கிறேன். 1905-இல் பெர்லினைச் சேர்ந்த துப்பாக்கித் தயாரிப்பாளர் ஓட்டோ போக், மௌசர் 98 ரைஃபிளில் பொருந்துகிற மாதிரி வடிவமைத்தது. பழைய தோட்டா, நிதானமான அழுத்தம், பெரிய மேக்னம் தோட்டாக்கள் மாதிரி சிறு தவறுக்குக் கூடக் கோபப்படாது. புதியவர்களுக்கு நல்ல தோட்டா. வேறு அளவு வைத்திருப்பவர்களுக்கும் படிகள் இதேதான், எண்கள்தான் மாறும்.

என்னென்ன வேண்டும்

ஒற்றைநிலை பிரஸ், உங்கள் அளவுக்கான டை செட் (பிரஸில் திருகி வைக்கும் அச்சுகள்), ஷெல் ஹோல்டர் (கூட்டின் அடியைப் பிடிக்கும் துண்டு), தராசு, வெர்னியர் காலிப்பர், கூடு வெட்டும் கருவி, கூடுகளை நிறுத்தி வைக்கும் கட்டை, புனல், கேஸ் லூப் (கூட்டில் தடவும் எண்ணெய்), பாதுகாப்புக் கண்ணாடி. தானாகச் சுழன்று வேலை செய்யும் பிரஸ் இப்போது வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு வேலை என்று கற்றுக்கொண்டால்தான் எங்கே என்ன நடக்கிறது என்று கைக்குப் பிடிபடும். எல்லாவற்றுக்கும் மேலே, இந்த ஆண்டோ சமீபத்திலோ வந்த ஒரு ரீலோடிங் கையேடு. பவுடர் அளவை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது பவுடர், குண்டு, கூடு, பிரைமர் நான்கும் சேர்ந்து சோதித்த எண், அதை அந்தக் கையேட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும், யாரோ எழுதியதைப் பார்த்து அல்ல.

கூட்டைப் பார்ப்பது

சுட்ட கூடுகளை முதலில் துடைத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். கழுத்தில் நீளவாக்கில் விரிசல் இருந்தால் தூக்கிப் போட்டுவிடலாம், அதில் சிந்திக்க ஒன்றுமில்லை. ஏமாற்றுவது அடிப்பகுதி. விளிம்புக்குச் சற்று மேலே, கூட்டைச் சுற்றி ஒரு மெல்லிய பளபளப்பான வளையம் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். கூடு ஒவ்வொரு முறை சுடும்போதும் நீண்டு நீண்டு, அங்கே பித்தளை மெலிந்து, அடுத்த முறை இரண்டாகப் பிரியத் தயாராக இருக்கிறது என்பதன் அறிகுறி அது. ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, முனையைச் சிறிதாக மடக்கி, கூட்டுக்குள் விட்டு உள்சுவர் மேல் அடியிலிருந்து மேலே இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் நல்லது. முனை ஒரு பள்ளத்தில் சிக்கி "டிக்" என்று தட்டினால் அந்தக் கூட்டை இடுக்கியால் நசுக்கிப் போடுங்கள், நசுக்காமல் குப்பையில் போட்டால் மறுபடியும் மேசைக்கு வந்துவிடும்.

சைஸிங்

இதுதான் இந்த முழு வேலையின் இதயம். சுட்ட கூடு சேம்பரின் அளவுக்கு விரிந்திருக்கும், அதை மறுபடி சுருக்கி, கூடவே பழைய பிரைமரையும் தள்ளி வெளியே எடுப்பது சைஸிங் டையின் வேலை. கூட்டின் உடம்பில் கேஸ் லூப்பை விரலால் மெல்லியதாகத் தடவுங்கள், கழுத்தின் உள்பக்கம் துளியளவு. தடவாவிட்டால் கூடு டைக்குள் மாட்டிக்கொள்ளும், அப்புறம் துளை போட்டு, திருகு போட்டு இழுக்க வேண்டும். அதிகம் தடவினால் கூட்டின் தோள்பட்டையில் (உடம்பு கழுத்தாகக் குறுகும் சரிவில்) எண்ணெய் தேங்கி குழி விழும்.

டையை எவ்வளவு கீழே திருகுவது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் பெட்டியில் இருக்கும் குறிப்பை அப்படியே பின்பற்றுகிறார்கள்: ஷெல் ஹோல்டரைத் தொடும்வரை, அதற்கு மேல் இன்னும் கொஞ்சம். அப்படிச் செய்தால் தோள்பட்டை தேவைக்கு அதிகமாகப் பின்னுக்குத் தள்ளப்படலாம், கூடு ஒவ்வொரு முறையும் அந்த இடைவெளியை நிரப்ப நீளும், மேலே சொன்ன பளபளப்பு வளையம் சீக்கிரமே வந்துவிடும். அதற்குப் பதிலாக டையைச் சற்று மேலே வைத்து ஆரம்பியுங்கள். ஒரு கூட்டை சைஸ் செய்து, எண்ணெயைத் துடைத்து, காலியான ரைஃபிளில் வைத்து போல்ட்டை மூடிப் பாருங்கள். மூட மறுத்தால் டையைக் கால் திருகுக்கும் குறைவாகக் கீழே இறக்கி, மறுபடி. போல்ட் எந்தத் தடையும் இல்லாமல் மூடுகிற இடம் வந்ததும் இன்னும் ஒரு பொட்டு இறக்கி, டையின் பூட்டு வளையத்தை இறுக்கிவிடுங்கள். தோள்பட்டை 0.05 மில்லிமீட்டர் சுமாருக்குப் பின்னால் போனால் போதும். கழுத்தை மட்டும் சைஸ் செய்வது என்று ஒரு முறை உண்டு, போட்டிக்காரர்களுக்குப் பிடிக்கும், வேட்டைக்கு வேண்டாம். நாலைந்து முறை சுட்ட பிறகு அந்தக் கூடுகள் போல்ட்டை முரண்டு பிடிக்க வைக்கும்.

சைஸ் செய்த ஒவ்வொரு கூட்டையும், பிரைமர் போடுவதற்கு முன்னால், இப்படி ரைஃபிளில் வைத்துப் பார்ப்பது சலிப்பான வேலைதான். காலிக் கூடு என்பதால் ஆபத்தில்லை, அதனால் செய்துவிடுங்கள்.

வெட்டுவது

பித்தளை முன்னோக்கி ஓடும். 9.3×62 கூட்டின் அதிகபட்ச நீளம் 62.00 மில்லிமீட்டர். சைஸிங் முடிந்ததும் காலிப்பரில் அளந்து, தாண்டியிருந்தால் அதிகபட்சத்திலிருந்து கால் மில்லிமீட்டர் குறைவாக வெட்டி, வாயின் உள்ளும் புறமும் பிசிறு எடுங்கள். வெட்டாமல் விட்டால் கழுத்தின் வாய் சேம்பரின் முன்விளிம்பில் நெருக்கப்பட்டு, குண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், குண்டு விடுபடத் தாமதமானால் அழுத்தம் ஏறும். பவுடர் அளவு சரியாக இருந்தும் ரைஃபிள் கெட்டுப்போக இந்த ஒரு காரணம் போதும்.

பிரைமர்

கையில் எண்ணெய் இல்லாமல் கழுவித் துடைத்துவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு. 9.3×62-க்கு லார்ஜ் ரைஃபிள் பிரைமர். குழியின் அடிவரை போய் உட்காருவது கைக்குத் தெரியும், அதன்பின் அழுத்தாதீர்கள். உட்கார்ந்த பிறகு கூட்டின் அடியில் ஆள்காட்டி விரலை ஓட்டிப் பாருங்கள். பிரைமர் விளிம்பைவிட லேசாகத் தாழ்ந்திருக்க வேண்டும். துருத்திக்கொண்டிருந்தால் அது ஆபத்து. பிரைமரில் ஈய உப்பு இருப்பதால், முடித்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் சாப்பிடாதீர்கள்.

பவுடர்

மேசையில் ஒரே ஒரு பவுடர் டப்பாதான் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஐ.எம்.ஆர். 4831, எச் 4831 என்று எண் ஒன்றாகவும் முன்னெழுத்து மட்டும் வேறாகவும் இருக்கும் பவுடர்கள் உண்டு, இரண்டின் எரியும் வேகமும் வேறு, ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் போடக் கூடாது. அதனால் லேபிளை முழுதாக, எழுத்தோடு சேர்த்துப் படியுங்கள். மீந்ததை அதே டப்பாவில்தான் திரும்பக் கொட்ட வேண்டும், எது என்று ஒரு நொடி சந்தேகம் வந்தாலும் அதைப் பயன்படுத்தக் கூடாது.

தராசைச் சோதனை எடைக்கல்லால் சரிபார்த்துவிட்டுத் தொடங்குங்கள். அளவு கிரெய்னில் இருக்கும். 7000 கிரெய்ன் சேர்ந்தால் ஒரு பவுண்டு. மின்னணுத் தராசு மின்விசிறிக் காற்றுக்கும், பக்கத்தில் கிடக்கும் கைபேசிக்கும் எண்ணை மாற்றிக் காட்டலாம், இரண்டையும் தள்ளி வையுங்கள். கையேட்டில் போட்டிருக்கும் தொடக்க அளவிலிருந்து ஆரம்பித்து, சிறுசிறு படியாக ஏறுங்கள். உச்ச அளவிலிருந்து தொடங்குபவர்களுக்கு எச்சரிக்கை தருவதற்கு ரைஃபிளுக்கு நேரமே கிடைக்காது. குறைவாகப் போட்டால் பாதுகாப்பு என்று நினைத்துத் தொடக்க அளவுக்கும் கீழே போகாதீர்கள், மெதுவாக எரியும் பவுடரில் அதுவும் ஆபத்து. இன்னொன்று: 286 கிரெய்ன் ஈயக் குண்டுக்கான அளவை அதே எடையுள்ள முழுச் செம்புக் குண்டுக்குப் போடாதீர்கள். செம்பு எடை குறைந்த உலோகம், அதனால் குண்டு நீளமாக இருக்கும், கூட்டுக்குள் அதிக இடம் பிடிக்கும், அழுத்தம் மாறிவிடும்.

எல்லாக் கூடுகளும் கட்டையில் வரிசையாக நின்ற பிறகு, டார்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் எட்டிப் பாருங்கள். பவுடரின் மட்டம் ஒரே மாதிரி தெரிய வேண்டும். ஒன்று மட்டும் மேலேயோ கீழேயோ இருந்தால் அதை மட்டும் அல்ல, அந்த வரிசை முழுவதையும் கொட்டிவிட்டு மறுபடி நிறுத்துப் போடுங்கள்.

குண்டை உட்காரவைப்பது

முதலில் பவுடரும் பிரைமரும் இல்லாத ஒரு போலித் தோட்டா செய்துகொள்ளுங்கள். கையேட்டில் சொன்ன மொத்த நீளத்துக்குக் குண்டை உட்காரவைத்து, அது மேகசினுக்குள் (ரைஃபிளில் தோட்டாக்களை அடுக்கும் பெட்டிக்குள்) தாராளமாக நுழைகிறதா, சேம்பரில் வைத்து மூடி எடுத்தால் குண்டின் மேல் கோடு விழாமல் வருகிறதா என்று பாருங்கள். கோடு விழுந்தால் குண்டு பேரலின் வரிகளை முட்டுகிறது, இன்னும் உள்ளே தள்ள வேண்டும். அளவு கிடைத்ததும் அந்தப் போலியைப் பத்திரப்படுத்துங்கள், அடுத்த முறை டையைச் சரிசெய்ய அதுவே போதும்.

மீடியம் போரில் பின்னுதைப்பு கனம். ஒவ்வொரு வெடிக்கும் மேகசினில் மிச்சமிருக்கும் தோட்டாக்களின் மூக்கு முன்சுவரில் போய் மோதும், பிடி தளர்ந்திருந்தால் குண்டு உள்ளே நகரும். குண்டில் பள்ள வளையம் இருந்தால் வாயை அதில் லேசாக மடக்கி இறுக்கலாம். வளையம் இல்லாவிட்டால் கழுத்தின் பிடியை நம்ப வேண்டியதுதான். இறுக்கும்போது அளவு மிஞ்சினால் தோள்பட்டை புடைத்து, அத்தனை நேரம் பார்த்துச் செய்த சைஸிங் வீணாகிவிடும்.

ரேஞ்சில்

உயிர்த் தோட்டாவை வீட்டில் சேம்பரில் போட்டுப் பார்க்காதீர்கள். ரேஞ்சுக்குப் போய், குழல் பாதுகாப்பான திசையில் இருக்க, வேட்டைக்குக் கொண்டுபோகிற ஒவ்வொன்றையும் மேகசினிலிருந்து ஏற்றி இறக்குங்கள். தொடக்க அளவில் நிரப்பியதைச் சுட்டு, ஒவ்வொரு கூட்டையும் எடுத்துப் பாருங்கள். பிரைமர் தட்டையாகி ஓரம் விரிந்திருந்தாலோ, போல்ட்டைத் தூக்கக் கை வலித்தாலோ, கூட்டின் அடியில் பளபளப்பான தடம் பதிந்திருந்தாலோ அங்கேயே நிறுத்தி, மிச்சத்தைப் பிரித்துவிடுங்கள். இந்த அறிகுறிகள் இல்லாததால் அழுத்தம் சரி என்று அர்த்தமில்லை, கையேட்டின் உச்ச அளவு அப்படியே நிற்கிறது.

கடைசித் தோட்டா மட்டும் மேகசினில் இருக்கும்போது அதை வெளியே எடுத்துக் காலிப்பரில் நீளம் பாருங்கள். நிரப்பியபோது இருந்த அளவே இருந்தால் பிடி தாங்குகிறது. சுருங்கியிருந்தால் அதைச் சுடாதீர்கள், மிச்சமிருக்கும் பெட்டியையும் வேட்டைக்கு எடுக்காமல், எக்ஸ்பாண்டர் பந்தின் (சைஸிங் டைக்குள் இருந்து கழுத்தை உள்ளிருந்து விரிக்கும் குமிழின்) அளவை அளந்துவிட்டு அடுத்த வரிசையை நிரப்புங்கள். பெட்டி மேல் பவுடரின் முழுப் பெயர், எடை, குண்டு, பிரைமர், கூடு எத்தனையாவது சுற்று, தேதி எல்லாம் எழுதி ஒட்டுங்கள். எழுதாத பெட்டியில் இருப்பது என்னவென்று நினைவு வைத்துச் சொல்லக்கூடியவர் யாருமில்லை, அதைப் பிரித்துக் குண்டை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.